விக்கலை ரோமுக்கு அனுப்பியவர்

ஏழாவது பன்றியை அறுத்த பிறகும் இத்திபாலுக்கு விக்கல் நிற்கவில்லை. கோயில் படிக்கட்டுக்குக் கீழே நின்ற கூட்டம் முதலில் அவரைப் பார்த்தது, பிறகு பன்றியைப் பார்த்தது, பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி, சந்தை மூலையில் ஈரத்துணிக் கூடையோடு நின்றிருந்த என்னைப் பார்த்தது. நான் பாட்டுக்கு என் வழியே போய்க்கொண்டிருந்தவள். வேடிக்கை பார்க்க நின்றது என் தப்புதான்.

இத்திபால் எங்கள் ஊர்ப் பேரரசர் கோயிலின் பூசாரி. அந்தப் பதவி வருடத்துக்கு ஒருவருக்கு. பதினொரு வருடம் காத்திருந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் விருந்து வைத்து வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதம் விக்கல் பிடித்தது. வேறு யாருக்கும் விக்கல் வந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகலாம், பூசாரிக்கு முடியாது. பேரரசரின் நலத்துக்கான மந்திரத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை தடங்கல் இல்லாமல் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சொல் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அப்படித் தொடங்கும் முன் மன்னிப்புக் கேட்டு ஒரு பன்றி. முதல் மூன்று பன்றி வரைக்கும் ஊருக்கு ஒரே கொண்டாட்டம், இலவசக் கறி யாருக்குக் கசக்கும்? ஐந்தாவதில் முகங்கள் சுருங்கின. ஏழாவதில் தொத்திறைச்சி விற்கிறவன் சத்தமாகவே சொன்னான்.

"இது சும்மா விக்கல் இல்லப்பா. அந்தச் சலவைப் பட்டறைக் கும்பல் ஏதோ பண்ணியிருக்கு."

அன்றைக்கு ஊரிலேயே அதிகமாக வியாபாரம் பார்த்தவன் அவன்தான். ஆனாலும் அவனுக்குத்தான் தெய்வபக்தி பொங்கியது.

சலவைப் பட்டறைக் கும்பல் என்றால் நாங்கள். எங்கள் கிறிஸ்தவச் சபை கூடுவது பாரிக்கின் பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில். பாரிக்குக்கு இரண்டு வேலை. பகலெல்லாம், அழுக்கெடுக்கப் பழைய மூத்திரம் நிரப்பிய தொட்டிக்குள் இறங்கி ஊராரின் கம்பளி உடைகளை மிதித்து வெளுப்பார். மற்றபடி, எங்கள் சபையில் பேய் ஓட்டும் பணி அவருடையது. ஆயர் கைவைத்துக் கொடுத்த பணி. அவர் அறைக்குள் நுழைந்தாலே பாதிப் பேய் அந்த வாடைக்கே ஓடிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். ஆனால் பேய் பிடித்தால் அந்தக் கேலிக்காரர்களே கொல்லைப்புறமாக வந்து நிற்பார்கள். நான் அரிசாத், சபை சோறு போடும் விதவைகளின் பட்டியலில் இருப்பவள். பாரிக் பேயோட்டும்போது பிடிபட்டவரின் காலைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. பதினாறு வருடத்தில் இரண்டு பல் போயிருக்கிறது. பேய்க்குக் கால்தான் ஆயுதம், தலைப்பக்கம் நிற்பவர்களுக்கு இது தெரியாது.

பேரரசர் அரியணை ஏறிய நாள் இன்னும் ஒன்பது நாளில். அன்றைக்கு மாகாணத் தலைநகர் கார்த்தேஜிலிருந்து அதிகாரி வருவார், காளை பலி கொடுப்பார்கள். அதிலும் இத்திபால் விக்கினால் அவர் மானம் போகும். அவர் மானம் போனால் எங்கள் உயிர் போகும். இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. இத்திபாலின் மனைவி ஒரு வேலைக்காரியை அனுப்பி, "உங்காளு வந்து பார்ப்பாரா?" என்று கேட்டபோது எங்கள் மூப்பர் மிக்கின் உடனே ஆகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மிக்கின் படித்தவர். படித்தவர்களிடம் ஒரு சிக்கலைக் கொடுத்தால் அதை இரண்டாக்கிக் கையில் கொடுப்பார்கள்.

"கொஞ்சம் யோசி பாரிக்," என்றார். "கோயில்ல இருக்கிறது எல்லாம் பிசாசுங்க. பலிப்புகையை மோந்துதான் அதுங்க உயிர் வாழுது. சரியா? இப்ப ஒரு பிசாசு உள்ள பூந்து அந்தப் பூசையையே நடக்கவிடாம பண்ணுது. அப்படின்னா அது நமக்கு வேண்டிய பிசாசா, வேண்டாத பிசாசா?"

"பிசாசுல வேண்டியது எதுங்க மூப்பரே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ அதை ஓட்டினா அந்தாளு வாய் திறந்துடும். வாய் திறந்தா பலி நடக்கும். ஒரு பிசாசை ஓட்டி ஒன்பது பிசாசுக்குச் சோறு போட்ட மாதிரி ஆகாதா?"

"அப்ப விட்டுடலாமா?"

"விட்டா நம்மளைக் கொன்னுடுவாங்களே!"

இப்படியே இரண்டு நாள் ஓடியது. கார்த்தேஜுக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றார் மிக்கின். பதில் வருவதற்குள் எங்களைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிடும் என்றேன் நான். விதவைகள் சபைக்கூட்டத்தில் பேசக் கூடாது என்று மிக்கின் நினைவூட்டினார். நான் கூட்டத்தில் பேசவில்லை, தொட்டிப் பக்கம் நின்றுதான் பேசினேன் என்றேன். கடைசியில் பாரிக்தான் முடித்துவைத்தார். துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நோவுல இருக்கிற மனுஷன் மூப்பரே. ஒன்பது நாளா தூங்கலையாம். பேரரசர் யாரு? நம்ம கடவுள் உட்கார வச்ச ஆளு. அவருக்காக வாராவாரம் நாம ஜெபம் பண்றோம். அவரு மேல நமக்கு ஒரு கோபமும் இல்ல. அவரைச் சுத்தி ஒட்டிக்கிட்டிருக்கிற பிசாசுங்கதான் நமக்கு ஆகாது. இந்தாளும் அப்படித்தான்."

படிக்காத ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பேசியது மிக்கினுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் இத்திபால் யாருக்கும் தெரியாமல் வந்தார். அதாவது, மூடுபல்லக்கில் வந்தார். எங்கள் ஊரில் மூடுபல்லக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது அவருடையது. அத்திப்பழக்காரி முதல் கழுதைக்காரன் வரை எல்லோரும் ஒதுங்கி வணக்கம் சொல்லி வழி விட்டார்கள். உள்ளேயிருந்து விக்கல் சத்தம் வேறு கேட்டுக்கொண்டே வந்தது. அவரோடு ஊர் எழுத்தர் வித்தாலிஸும் வந்திருந்தார், கையில் மெழுகுப்பலகையும் எழுதுகோலும். பதவியில் இருக்கும் பூசாரி எந்தச் சடங்கில் உட்கார்ந்தாலும் அங்கே சொல்லப்படுவதை எழுத்தர் ஒரு சொல் விடாமல் எழுத வேண்டுமாம்.

"இதையுமா எழுதணும்?" என்றார் மிக்கின். முகம் வெளுத்திருந்தது.

"எல்லாத்தையும் எழுதணும் ஐயா. நீங்க இப்ப கேட்டதைக்கூட எழுதிட்டேன்," என்றார் வித்தாலிஸ். கெட்டவர் இல்லை. எழுதுவதைத் தவிர வேறு ஆசை எதுவும் இல்லாத மனிதர், அவ்வளவுதான்.

இத்திபாலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் தங்கக்கரை போட்ட சால்வை தோளிலிருந்து நழுவியது, ஒவ்வொரு முறையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீரைத் தலைகீழாகக் குடிக்க வைத்தார்களாம், மிளகை மூக்கில் ஊதினார்களாம், ஒரு வைத்தியன் பின்னாலிருந்து பானையை உடைத்துப் பயமுறுத்தினானாம். அதில் அவருடைய மாமியாருக்குத்தான் மயக்கம் வந்ததாம். நான் குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். ஊரின் பெரிய மனிதர், பாதம் பிள்ளைப் பாதம்போல மெத்தென்று இருந்தது. இவர் உதைக்கமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

பாரிக் வழக்கப்படி மூன்று முறை முகத்தில் ஊதினார். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு, எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். பேரைச் சொன்ன பிசாசு பாதி தோற்ற மாதிரி. அதனால் எங்கள் ஆட்கள் முதலில் பேரைத்தான் கேட்பார்கள். எழுத்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்போது அதைக் கேட்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நீ யாரு? உன் பேரைச் சொல்லு."

இத்திபால் கண்ணை மூடினார். நெஞ்சை நிமிர்த்தினார். வாயிலிருந்து அவருடைய குரலே இல்லாத ஒரு கனத்த குரல் வந்தது.

"நான்... ஹிக்... பேரரசருடைய... ஹிக்... காவல் தெய்வம்."

எழுதுகோல் மெழுகில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வித்தாலிஸ் தலையைத் தூக்கினார்.

இத்திபாலைப் பிடிக்கும் பேய்கூட சாதாரணப் பேயாக இருக்கக் கூடாது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிணற்றடிப் பேய், சுடுகாட்டுப் பேய் என்று எத்தனை இருக்கிறது. ஆனால் மிக்கினைப் பார்த்ததும் எனக்கும் விஷயம் புரிந்தது. பேரரசரின் காவல் தெய்வத்தின் பேரில்தான் நாடே சத்தியம் செய்கிறது. அதைப் பிசாசு என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் ராஜதுரோகம், தலை போகும். பிசாசு இல்லை என்று சொன்னால் நாங்கள் இத்தனை வருடம் நம்பியது பொய், அதைவிடப் பெரியது போகும். பாரிக் வழக்கமாக அடுத்துச் சொல்லும் வாக்கியம் "அசுத்த ஆவியே, வெளியே போ" என்பது. அதை எழுதுவதற்காக வித்தாலிஸின் எழுதுகோல் மெழுகுக்கு ஒரு விரல்கடை மேலே காத்துக்கொண்டிருந்தது.

பாரிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சட்டென்று இரண்டு கையையும் விரித்து, வாராவாரம் சொல்வதைச் சொல்லத் தொடங்கினார். பேரரசருக்கு நீண்ட ஆயுள், அரண்மனைக்குப் பாதுகாப்பு, படைக்கு வீரம், சபைக்கு விசுவாசம், உலகத்துக்கு அமைதி. வித்தாலிஸ் திருப்தியாக எழுதினார். பேரரசர் நலமாக இருக்க வேண்டும் என்பதை பாரிக் மூன்று முறை சொன்னார். பயத்தில் சொன்னார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது. அவர் வாரம்தோறும் அதை மனதாரத்தான் சொல்வார், பேரரசரின் வயிற்றுவலிக்காக ஒருமுறை உபவாசம்கூட இருந்தவர். சொல்லிக்கொண்டே வந்தவருக்கு நடுவில் என்ன தோன்றியதோ, குரல் மாறியது. பட்டறையில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக் கத்துவாரே, அந்தக் குரல்.

"ஏய்! பேரரசருக்குக் காவல்ங்கிற, இங்க என்னடா உனக்கு வேலை? அங்க அவரு தனியா இருக்காரு, நீ இந்தச் சின்ன ஊர்ல வந்து ஒருத்தர் தொண்டைக்குள்ள குந்திக்கிட்டு இருக்க! காவலை விட்டுட்டு ஓடி வந்த சிப்பாய்க்கு என்ன தண்டனைன்னு தெரியுமில்ல? எந்திரி! உன்னை அனுப்பினவர் பேராலயும் என்னை அனுப்பினவர் பேராலயும் சொல்றேன், இப்பவே ரோமுக்குப் போ! போயி உன் வேலையைப் பாரு!"

இத்திபால் ஒருமுறை பெரிதாக மூச்சை இழுத்தார். காத்திருந்தோம். சால்வை நழுவவில்லை. அவர் கண்ணைத் திறந்து தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழந்தைபோல விசும்பி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, காலை விட மறந்து பிடித்துக்கொண்டே அழுதேன்.

"அருமை," என்றார் வித்தாலிஸ், எழுதி முடித்து. "நாட்டுப்பற்றோட நடந்த சடங்கு."

அரியணை நாளன்று மந்திரம் ஒரே மூச்சில் முடிந்தது. இத்திபால் நன்றியாக ஒரு முழுக் காளைத்தொடையை அனுப்பினார். பலியிட்ட கறி, நாங்கள் தொடக் கூடாது. புதைத்துவிடும்படி மிக்கின் சொன்னார். நான்தான் புதைத்தேன். சீரகமும் மீன்சாறும் தடவி வாட்டிய தொடை அது. கணவரைப் புதைத்தபோதுகூட நான் அவ்வளவு நேரம் குழிக்குப் பக்கத்தில் நின்றதில்லை.

மிக்கின் மட்டும் சரியாகவே இல்லை. சில நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தவர், பாரிக்கிடம் மெல்லக் கேட்டார்: "அன்னிக்கு அதை எங்க போகச் சொன்ன?"

"ரோமுக்கு."

"ரோம்ல யார்கிட்ட?"

பாரிக் மிதிப்பதை நிறுத்தினார். தொட்டிக்குள் அப்படியே நின்றார். நானும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பார்லி அறுப்பு முடிந்த சமயத்தில் ஆணை வந்தது. வயதானவர், பிள்ளைகள், பெண்கள், யாராக இருந்தாலும் சரி, பேரரசின் ஒவ்வொரு மனிதரும் கோயிலுக்கு வந்து நெருப்பில் தூபம் போட வேண்டும், பலிக்கறியில் ஒரு வாய் தின்ன வேண்டும், போட்டதற்கும் தின்றதற்கும் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு இல்லாதவர்களுக்குச் சிறை, அதற்கு மேலும் உண்டு. இப்படி ஓர் ஆணையை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. கடுமையான அதிகாரிகள் வருவார்கள், நாலு பேரைப் பிடிப்பார்கள், போவார்கள். உலகம் முழுவதையும் வரிசையில் நிற்கவைத்துப் புகைபோடச் சொல்வது புதிது.

கட்டியக்காரன் சந்தையில் அதைப் படித்தபோது பாரிக் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"போய்ச் சேர்ந்துடுச்சு அக்கா," என்றார்.

"எது?"

"நான் அனுப்பினது. பாருங்க, புகை கேக்குது. உலகம் பூரா புகை கேக்குது. இங்க இருந்திருந்தா ஒரு ஆளோட விக்கலோட போயிருக்கும். நல்லா இருந்த பேரரசர் மேல நான் ஏவி விட்டுட்டேனே!"

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. துணிகள் தொட்டியில் கிடந்து ஊறிக்கொண்டே இருந்தன. மிக்கின் தன் மைத்துனர் தோட்டத்துக்கு ஒளியப் போகும் முன்பு வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ராஜாக்களைப் பிசாசுகள் தூண்டிவிடுவது நீ பிறப்பதற்கு முன்பே நடக்கிற காரியம், உன் ஒருத்தன் பேச்சைக் கேட்டு ரோம் ஆடாது, உனக்கு இவ்வளவு கர்வம் ஆகாது என்று திட்டக்கூடச் செய்தார். பாரிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "ஆனா நான் போன்னு சொன்னா அது போவும்னுதானே மூப்பரே ஆயர் எனக்குக் கைவச்சு அனுப்பினாரு?" என்று கடைசியில் கேட்டார். மிக்கின் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் முறை வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, வரிசையில் நிற்கும்போது நான் தூபம் போடத் தயாராகத்தான் இருந்தேன். கையை மட்டும் நீட்டுவோம், மனதுக்குள் வேண்டாம் என்று சொல்லிக்கொள்வோம், கடவுளுக்கு மனசு தெரியாதா என்று எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் சபைக்காரர்களே பதினெட்டுப் பேர் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள். சபையில் ரொட்டிக்காரர் ஒருவர், பின்வரிசையில் நின்று பாட்டை எப்போதும் உரக்கப் பாடுகிறவர், அவர்தான் முதல் ஆளாகப் போட்டார். பயம் என்றால் பயம்தான், அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

மேடையில் இத்திபால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பேரேட்டோடு வித்தாலிஸ். பாரிக்கைக் கண்டதும் இத்திபால் எழுந்தே நின்றுவிட்டார். குனிந்து, காதோடு பேசினார்.

"உன் சீட்டு முன்னாடியே எழுதி வச்சுட்டேன். நீ ஒண்ணும் போட வேணாம். சும்மா நெருப்புக்கு மேல கையை ஆட்டிட்டுப் போயிடு. அரிசாத்துக்கும் இருக்கு. நான் நன்றி மறந்தவன் இல்ல."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வெறுங்கையை ஆட்டுவது பாவமே இல்லை என்று அந்த நொடியில் நான் மூன்று காரணம் கண்டுபிடித்துவிட்டேன். பாரிக் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் மரியாதைக்குப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"வேணாங்க ஐயா. எனக்கு வேற ஒரு உதவி செய்யணும். நான் ரோமுக்குப் போகணும்."

"ரோமுக்கா? எதுக்கு?"

"பேரரசரைப் பார்க்கணும். அவருக்கு உடம்பு சரியில்ல. உங்க தொண்டையில இருந்ததை நான்தான் அங்க அனுப்பினேன். நானே போய் எடுத்துடுறேன். அரை நாள் வேலை."

இத்திபாலின் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று.

"அடேய், பைத்தியமா உனக்கு? கொன்னுடுவாங்கடா."

"நான் ரோமக் குடிமகன்தானே? குடிமகன் வழக்கைப் பேரரசர் நேர்ல கேக்கணும்னு சட்டம் இருக்கு இல்லையா? எழுத்தர் ஐயா, நீங்க சொல்லுங்க."

வித்தாலிஸ் யோசித்தார். அந்த முகத்தில் முதல்முறையாக வேறு ஏதோ ஒன்று தெரிந்தது. "இருக்கு," என்றார். "பேரரசரிடம் முறையிடுகிறேன்னு சொன்னா நான் எழுதித்தான் ஆகணும். சங்கிலி போட்டுக் கார்த்தேஜுக்கு, அங்கேருந்து கப்பல். வழியில என்ன ஆகும்னு என் பலகையில கிடையாது. சொல்றீங்களா?"

"சொல்றேன்."

வித்தாலிஸ் எழுதினார். இத்திபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம், "நீயாவது கையை ஆட்டிட்டுப் போம்மா," என்றார்.

போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். ஆனால் பாரிக் தன் பாட்டுக்குச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஊதுவதற்கு வாகாக உதட்டை நனைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மனிதருக்குத் தலைப்பக்கம் மட்டும்தான் தெரியும். ஐம்பது வயதுப் பேரரசர், குதிரையேறிப் பழகிய கால், ஒரே உதையில் இவரைத் தூணில் கொண்டுபோய் அடித்துவிடும்.

"எழுதுங்க," என்றேன். "நானும் முறையிடுறேன்."

"நீ எதுக்கும்மா?" என்றார் இத்திபால், கிட்டத்தட்ட அழுதுகொண்டே.

"காலை யாரு பிடிப்பா?"

கார்த்தேஜ் சாலை ஊரைத் தாண்டியதும் ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே நேராகப் போகும். இரண்டு சிப்பாய்களை அனுப்பியிருந்தார்கள், இருவரும் இளசுகள், வெயிலில் தலைக்கவசம் சுட்டு முகம் சிவந்திருந்தார்கள். கைதிகள் இழுத்தடிப்பார்கள், அழுவார்கள், நிழல் கண்ட இடத்தில் உட்காருவார்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்போல. பாரிக் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "வெரசா வாங்க தம்பி, நாளாக நாளாக அவருக்கு முத்திப்போயிடும்," என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். எங்களுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்களும் எட்டிப் பிடிக்க முடியாமல் பிந்தி வந்தார்கள், சங்கிலி விறைத்து நின்று அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது.